இருபது ரூபாய்த் தங்கம்

மகள் வயிற்றில் ஐந்து மாதமாக இருந்தபோது முதன்முதலாக என் கையால் தங்கம் வாங்கினேன். இருபது ரூபாய்க்கு. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் போகாமல் போனைத் தடவிக்கொண்டிருந்தபோது, பத்து ரூபாயிலிருந்தே தங்கம் சேர்க்கலாம் என்று ஒரு செயலியின் விளம்பரம் வந்தது. பத்து ரூபாய் போட்டால் கேவலமாக நினைப்பார்களோ என்று இருபதாகப் போட்டேன். யார் நினைப்பார்கள் என்று யோசிக்கவில்லை.

திரை ஒரு நொடி சுற்றியது. பிறகு பச்சையாக ஒரு டிக். 'உங்கள் பெட்டகத்தில் 0.0036 கிராம்' என்று வந்தது. நான் கணக்குப் படித்தவள். ஒரு கிராமைப் பத்தாயிரமாக உடைத்து அதில் முப்பத்தாறு துணுக்கு என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். அப்படி உடைத்தால் கண்ணுக்குத் தெரியுமா? ஊதினால் பறந்துவிடாதா? எங்கோ ஒரு நகரத்தில், நான் பார்க்கவே போகாத ஒரு இரும்பு அறையில், அந்தத் துணுக்கு என் பெயரில் இருக்கிறது என்று அந்தத் திரை சொன்னது. என் பெயரை உள்ளே கூப்பிடும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தங்கம் எனக்கு எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். தோடும் அவன் கொண்டுவர வேண்டும். தட்டில் என்ன இருந்தது என்பதை சொந்தபந்தமான ஒறம்பரை சனம் வருஷக்கணக்கில் மறக்காது. எனக்கு ஒரே தம்பி. திருச்செங்கோட்டிலிருந்து வடக்கே போகும் போர்வண்டியில் வேலை. ஆழ்துளைக் கிணறு போடும் அந்த வண்டியில் ஏறுகிறவர்கள் கையில் முன்பணம் வாங்கிக்கொண்டு போவார்கள். எட்டு மாதம், பத்து மாதம் கழித்துத் திரும்பும்போதுதான் மீதிக் கணக்கு. அந்த வருஷம் ஆட்டையாம்பட்டிப் பக்கம் பிறந்த வீட்டுத் தோட்டத்தில் அப்பா வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. தம்பி அடுத்தடுத்து வாங்கிய முன்பணமெல்லாம் ஆஸ்பத்திரிக்கே போனது. அவன் தோடு இல்லாமல் வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். வட்டிக்கு வாங்கியாவது கொண்டுவருவான். அதுதான் என் பயம்.

அதனால் நானே சேர்த்து அவன் கையில் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். புகுந்த வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது. கணவர் கேரளாவுக்கு முட்டை லோடு ஓட்டுகிறார். அவரிடம் சொன்னால் பணமே கொடுத்துவிடுவார். அப்புறம் அது மாமன் சீர் ஆகாது.

பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் நான்கு பேருக்கு டியூஷன் எடுக்கிறேன். அந்தப் பணம் என்னுடையது. தினமும் விளக்கு வைத்த பிறகு இருபது ரூபாய். டியூஷன் பணம் வரும் அன்று ஐம்பது. மகள் பிறந்த அன்றுகூட விடவில்லை. மயக்கம் தெளிந்ததும் போனைக் கேட்டேன். ஊருக்குத் தகவல் சொல்லத்தான் கேட்கிறாள் என்று நினைத்தார்கள்.

நிம்மதியாகச் சேர்த்தேன் என்று சொல்ல முடியாது. விலை இறங்கினால், நேற்றே வாங்கிவிட்டோமே என்று இருக்கும். ஏறினால், இன்னும் பத்து ரூபாய் கூடப் போட்டிருக்கலாமே என்று இருக்கும். ஒரு நாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது போன் தொட்டியில் விழுந்துவிட்டது. எடுத்து அரிசிக்குள் புதைத்தேன். உயிர் வரவில்லை. ஒன்றரை வருஷத் தங்கம் அந்தத் தொட்டித் தண்ணீரில் கரைந்துவிட்டதாகவே அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று வெளியே சொல்லவும் முடியவில்லை. போனுக்காகவா அழுகிறாய் என்று கணவர் நாலாம் நாள் புதுசு வாங்கிவந்தார். பழைய சிம்மைப் போட்டு, செயலியை இறக்கி, என் போன் எண்ணை அடித்தேன். ஆறு இலக்கம் வந்தது. அதைப் போட்டதும் கடைசித் துணுக்குவரை அப்படியே இருந்தது. நான் தொலைத்ததை, என்னைப் பார்க்காத யாரோ பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கோயிலில் சூடம் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதுபோல அந்தத் திரையைத் தொட்டேன். யாரும் பார்க்கவில்லை.

மகளுக்கு மூன்று வயது நெருங்கியது. ஆடிக்குப் பிறகு குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக நாள் குறித்தார்கள். அந்தச் சமயத்தில்தான் செய்தித்தாளில் படித்தேன்: இந்த மாதிரிச் செயலித் தங்கத்துக்குத் தனியாகக் கண்காணிப்பு எதுவும் இல்லை, வாங்குகிறவர்கள் யோசித்து வாங்க வேண்டும் என்று. சேர்த்ததெல்லாம் சரிதானா, படித்தவள்தானே, முதலிலேயே விசாரித்திருக்க வேண்டாமா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். மறுநாள், சேர்ந்திருந்த தங்கத்தில் இரண்டு கிராமைத் தங்கக் காசாக வீட்டுக்கு அனுப்பும்படி பதிவு செய்தேன். அச்சடிக்கும் கூலி, அனுப்பும் கூலி எல்லாம் தனி. பரவாயில்லை, கண்ணால் பார்த்தால் போதும்.

எங்களுடையது தோட்டத்து வீடு. கதவு எண் கிடையாது, தெருப் பெயர் கிடையாது. தார் ரோட்டிலிருந்து கோழிப்பண்ணையைத் தாண்டி மண் பாதையில் ஒன்றரைக் கிலோமீட்டர். கூரியர்காரர்கள் உள்ளே வரமாட்டார்கள். எங்கள் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் முகவரி ரோட்டோரத்துப் பால் சொசைட்டிதான். போன் செய்வார்கள், 'ஓடிபி சொல்லுங்க' என்பார்கள், சொல்லிவிடுவோம். பார்சல் பால் அளக்கும் மேஜைமேல் கிடக்கும். பால் ஊற்றப் போகிறவர்கள் எடுத்துவருவார்கள். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று போனில் தினமும் செய்தி வருகிறது. படிக்கிறோம், பிறகு சொல்லுகிறோம். செருப்பும் நைட்டியும் மிக்சி ஜாரும் அப்படித்தான் வந்துசேர்ந்தன.

நான் ஒரு கணக்குப் போட்டிருந்தேன். கூரியர் பதினொரு மணிக்கு வரும். பன்னிரண்டுக்குள் போய் நானே எடுத்துவிடலாம். சாயங்காலம் பால் ஊற்றப் போவது மாமியார். அவர் கண்ணில் படாது.

அன்று பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று, போன் வரவில்லை. சாயங்காலம் டியூஷன் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும்போது வந்தது.

"பார்சலுங்க. சொசைட்டில குடுத்தர்றேன். ஓடிபி சொல்லுங்க்கா."

இது தங்கம், வேண்டாம், நாளைக்கு வாருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மகள் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தாள். பழக்கதோஷத்தில் வாய் ஆறு இலக்கத்தையும் சொல்லிவிட்டது. கூரியர்காரர் போனை வைத்துவிட்டார். உடனே செய்தி வந்தது: உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டது.

அரை மணி நேரம் கழித்து மாமியார் காலிக் கேனோடு வந்தார். கையில் வேறெதுவும் இல்லை. நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது?

மறுநாள் காலை பால் ஊற்றுகிறேன் என்று நானே கேனைத் தூக்கிக்கொண்டு போனேன். காலை நேரத்தில் இருப்பவர் வயதான செயலாளர். அலமாரியைத் திறந்து காட்டினார். மாட்டுத் தீவன ரசீதுகள், ஒரு பழைய குடை.

"பார்சலெதும் இல்லயே சாமி. சாயங்காலத்து ஆளு நேத்து ராத்திரியே மேட்டூருக்குப் போயிட்டான், மச்சினன் கல்யாணம். போன் போட்டாலும் எடுக்க மாட்டேங்கறான். என்ன பார்சலு? சீலையா?"

"ஆமாங்க."

"சீலதான, எங்க போகப் போவுது. வந்துரும் போ."

மூன்று வருஷம். ஆறு இலக்கத்தைச் சொல்ல எனக்கு எத்தனை நொடி ஆகியிருக்கும்? வரும் வழியில் கோழிப்பண்ணைச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். வரும் வெள்ளிக்கிழமை காதுகுத்து. தம்பி ரயில் ஏறிவிட்டான். அவனிடம் ஏற்கெனவே, 'தோட்டப் பத்தி நெனைக்காத, நா ஏற்பாடு பண்ணிட்டேன்' என்று சொல்லிவிட்டேன். அவன் அதை நம்பித்தான் கடன் வாங்காமல் வருகிறான். வெறுந்தட்டோடு அவனை அந்தச் சனத்துக்கு நடுவில் நிற்கவைக்கப் போவது நான்.

செயலியில் புகார் எழுதினேன். முதலில் ஒரு இயந்திரம் பதில் சொன்னது. உங்கள் பொருள் ஒப்படைக்கப்பட்டது என்று மூன்று முறை சொன்னது. எனக்கு வரவில்லை என்று நாலாவது முறை எழுதியதும் ஒரு பெண் கூப்பிட்டாள். கன்னட வாடையடிக்கும் தமிழ். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். ஓடிபியை நானே சொன்னேன் என்பதையும் மறைக்கவில்லை. திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நீங்க சொன்னது தப்புதான் மேடம். ஆனா டெலிவரி செஞ்சப்ப ஒரு போட்டோ எடுத்திருப்பாங்க. அதை அனுப்பறேன். பார்த்துட்டுச் சொல்லுங்க, அந்த இடம் தெரியுதான்னு."

படம் வந்தது. எங்கள் சொசைட்டி மேஜை. பால் சத்துப் பார்க்கும் மிஷின், அதன் பக்கத்தில் ஒழுகிய பால், சுவரில் தொங்கும் நாள்காட்டி. எங்கோ உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் எங்கள் ஊர் மேஜையை எடுத்து என் கையில் வைக்கிறாள். அந்த வியப்பிலேயே பார்சலைத் தேட மறந்துவிட்டேன். பிறகு பார்த்தேன். படத்தின் ஓரத்தில், பழுப்பு நிறச் சிறு பெட்டியைப் பிடித்தபடி ஒரு கை. கறுத்த கண்ணாடி வளையல் இரண்டு. வெளிப்பக்கமாக வளைந்த சுண்டு விரல்.

அந்த விரலை வருஷக்கணக்காகப் பார்க்கிறேன். மாடு உதைத்து வளைந்தது. என் மாமியாருடைய கை.

"தெரியுதுங்களா மேடம்?"

"தெரியுதுங்க," என்றேன். நன்றி சொல்லிப் போனை வைத்தேன்.

அன்று முழுக்க நான் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒன்றாக உட்கார்ந்து பருப்புக் குழம்பு சாப்பிட்டோம். பிரித்துப் பார்த்திருப்பாரோ? மகனுக்குத் தெரியாமல் மருமகள் தங்கம் சேர்க்கிறாள், பிறந்த வீட்டுக்குக் கடத்துகிறாள் என்று நினைத்து, மகன் கேரளாவிலிருந்து வரட்டும் என்று காத்திருக்கிறாரோ? ரசம் ஊற்றும்போது அவர் கையைப் பார்த்தேன். கை சாதாரணமாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, அவர் கட்டுத்தரையில் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். மகள் பக்கத்தில் கன்றுக்குட்டியின் காதை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை, முந்தாநாளு சொசைட்டில ஒரு பார்சல் வாங்குனீங்களா?"

அவர் கை நின்றுவிட்டது.

"ஐயோ சாமி, பணம் போயிருச்சா?"

"என்ன பணமுங்க?"

"பேங்குல இருக்கற பணம்! போயிருச்சா? நா தொறக்கவே இல்ல சாமி, உன்ற புள்ள மேல ஆணையாச் சொல்றேன். சொசைட்டிக்காரன் பாட்டுக்கு உங்க ஊட்டுதுன்னு கையில திணிச்சுட்டான். தொட்டதுக்கு அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. நீ பாக்கக் கூடாதுன்னு கேனுக்குள்ள போட்டுக் கொண்டாந்துட்டேன்."

பள்ளிபாளையத்தில் இருக்கும் அவருடைய சின்னம்மா மகளுக்கு, கேட்காமலே ஒரு பார்சல் வந்ததாம். உள்ளே, பரிசு விழுந்திருக்கிறது, இந்தக் கட்டம் போட்ட க்யூஆர் படத்தைப் போனில் காட்டுங்கள் என்று ஒரு சீட்டு. காட்டியதும் கணக்கிலிருந்த பணம் காணோம். அதிலிருந்து, கேட்காத பார்சல் வந்தால் தொடாதே என்று ஒரு வீடியோவை எல்லாரும் எல்லாருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நானும் மாமியாருக்கு அனுப்பியிருக்கிறேன். இரண்டு முறை.

"அப்பறம் ஏனுங்க எங்கிட்டச் சொல்லல?"

"எப்படிச் சொல்லறது? நீதான் தெனம் சொல்லறயே, தெரியாத நம்பர எடுக்காதீங்க, தெரியாதத அமுக்காதீங்கன்னு. வாங்கிட்டு வந்து நிக்கறேனேன்னு பயமாப் போச்சு. பால் பணம் கணக்குல வந்துதான்னுகூட நேத்து கேக்கல நானு. கேட்டா நீ போனத் தொறப்ப, தொறந்தா அதுக்குள்ள பூந்துருமோன்னு..."

"பார்சல் எங்கீங்க இப்ப?"

அவர் பிண்ணாக்கு டிரம்மைக் காட்டினார். மூடியைத் திறந்து முழங்கை வரை உள்ளே விட்டு எடுத்தார். பிளாஸ்டிக் பையில் சுற்றி, அதற்குமேல் சாக்கு சுற்றி, சணல் போட்டுக் கட்டியிருந்தார்.

"இந்தா. வேணாஞ் சாமி, நீயும் தொறக்காத. வாய்க்கால்ல போட்டுட்டு வந்துரலாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே அழுகையும். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி, அப்பாவின் இடுப்பு, இருபது ரூபாய், தொட்டியில் விழுந்த போன். அவர் தவிட்டுக் கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் முதலில் கேட்டது:

"இருவது ரூவாய்க்குத் தங்கம் குடுக்கறானா?"

"குடுக்கறாங்கங்க."

"எவன்?"

சணலை அவிழ்க்க ஆரம்பித்தேன். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புகார் செல்லாது என்று பெட்டிமேல் எழுதியிருந்தது. போனை அவர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும், நிறைகுடத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார். உள்ளே ஒரு அட்டை. அட்டைக்குள் கண்ணாடித்தாள். அதற்குள் என் சுண்டு விரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய ஒரு வட்டம். வெயில் பட்டதும் கட்டுத்தரைக் கூரையில் ஒரு மஞ்சள் புள்ளி அசைந்தது. மகள் அதைப் பிடிக்கக் கையை நீட்டினாள். நானும் மாமியாரும் மேலே பார்த்தபடி நின்றோம். அந்த வீடியோவில் தங்கமே இல்லை. கூரைதான் இருக்கிறது. இன்னும் வைத்திருக்கிறேன்.

"இத்தினியூண்டா?" என்றார் பிறகு. "எங்கிட்டச் சொல்லியிருந்தா நா என்ன ஊரெல்லாம் தமுக்கா அடிச்சிருப்பேன்?"

"அடிச்சிருப்பீங்க அத்தை."

"அடிச்சிருப்பேந்தான்," என்று ஒத்துக்கொண்டார். "இப்ப அடிக்க மாட்டேன். போ."

இராசிபுரத்தில் அவருக்குத் தெரிந்த ஆசாரியிடம் இருவருமாகப் போனோம். போனில் வாங்கியது என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நெருப்புக்குப் போனும் தெரியாது, கடையும் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு அவர் அட்டையை வெட்டினார். காசைச் சின்ன மண் கிண்ணத்துக்குள் வைத்து நெருப்பை ஊதினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அச்சடித்த எழுத்து மங்கியது, ஓரம் தளர்ந்தது, சட்டென்று எல்லாம் சேர்ந்து ஒரு துளியாக உருண்டு நின்றது. உயிருள்ளதுபோல நடுங்கியது. யாரும் பார்க்காத இடத்தில் துணுக்குத் துணுக்காக இருந்ததெல்லாம் இதுதானா? மூச்சு விட்டால் கலைந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். சுத்தத் தங்கம் தோட்டுக்கு நிற்காது, கொஞ்சம் செம்பு சேர்க்க வேண்டும் என்றார் ஆசாரி. அதிலும் எனக்கு ஒரு கவலை வந்தது. மாமியார் முழங்கையால் இடித்தார்.

வியாழக்கிழமை தம்பி வந்தான். வெயிலில் கறுத்து, தலையெல்லாம் செம்மண் நிறம். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூப்பிட்டு, சிவப்புத் தாளில் மடித்ததைக் கையில் வைத்தேன். பிரித்துப் பார்த்தான்.

"மச்சானுக்குத் தெரியுமாக்கா?"

"உங்க மச்சானுக்குத் தெரியாது. அத்தைக்குத் தெரியும்."

"அய்யய்யோ."

அவன் அதைத் திரும்ப என் கையில் வைக்கப் பார்த்தான். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

கோயிலில் அவன் மடியில் மகள் மொட்டைத் தலையோடு உட்கார்ந்தாள். தட்டு நடுவில் இருந்தது. கணவரின் அத்தை ஒருவர் குனிந்து, தோட்டை விரலால் நகர்த்திப் பார்த்தார்.

"மாமன் வடக்க போயி வருசக்கணக்கா சம்பாரிக்கறான்னாங்க. கனம் காணாதாட்ட இருக்குதே?"

தம்பியின் காது சிவந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் முந்திக்கொண்டார்.

"ஏனுங்க அண்ணி, புள்ளைக்குத் தொங்கறது காதா, தராசா? ஆயிரம் அடி பாறையக் கொடஞ்சு கொண்டாந்த தங்கமுங்க அது. ஓரமா நில்லுங்க, ஆசாரிக்கு மறைக்குது."

எல்லாரும் சிரித்தார்கள். ஊசி இறங்கியது. மகள் கத்திய கத்தலில் கோயில் புறாக்கள் எழும்பின. இரண்டு காதிலும் இரண்டு மினுக்கு. நான் செய்தது சரியா என்று அப்போதும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தையே ஏமாற்றிவிட்டேனோ? ஆனால் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மகள் அழுதாள். என்னிடம் வரமாட்டேன் என்றாள்.

மறுநாள் காலை அவனைப் பஸ் ஏற்றிவிடப் பால் சொசைட்டி நிறுத்தத்துக்குப் போனேன். திருச்செங்கோட்டில் அடுத்த போர்வண்டி புறப்படத் தயாராக இருந்தது. புளியமரத்தடியில் நிற்கும்போது கேட்டான்.

"எப்படிக்கா சேத்துன? உள்ளதச் சொல்லு. நகை எதாச்சும் வித்தியா?"

சொன்னேன். அவன் நம்பவில்லை. போனைத் திறந்து, வாங்கிய விவரம் என்று இருக்கும் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். இருபது ரூபாய், தேதி, நேரம், துணுக்கு. அதன் கீழே இருபது ரூபாய், தேதி, நேரம், துணுக்கு. கட்டைவிரலால் தள்ளினான். தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. மகள் பிறந்த தேதி வந்ததும் நிறுத்தி, என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி தள்ளினான்.

பஸ் வந்தது. நடத்துனர் விசில் ஊதி, "ஏறுங்க, ஏறுங்க" என்றார்.

"நீங்க போங்கண்ணா, நா அடுத்ததுல வாரேன்," என்றான் தம்பி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.